எக்ஸ்எக்ஸ்வை அறிக்கையும் குருதிப் புற்றுநோய்ப் பயமும்

ஆசிரியர் அவர்கட்கு,

பிள்ளைப்பேறு தாமதமாகிப் பரிசோதனைக்குப் போகும் ஆண்கள் சிலரின் நிறமூர்த்த (குரோமோசோம்) அறிக்கையில் '47, எக்ஸ்எக்ஸ்வை' என்று வருகிறது. ஆணுக்கு வழமையான எக்ஸ், வை நிறமூர்த்தங்களோடு இன்னுமொரு எக்ஸ் கூடியிருக்கும், ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு உள்ள கிளைன்ஃபெல்டர் நிலை இது. அந்தத் தாளைக் கண்டதும் "லுக்கேமியா வருமாமே" என்று குருதிப் புற்றுநோய்க்கு அஞ்சிக் கலங்குவோருக்காகவே எழுதுகிறோம்.

டவுன் நிலையில் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடுவதால் லுக்கேமியா அபாயம் 10 முதல் 20 மடங்கு உயர்வது உண்மை. எக்ஸ் ஒன்று கூடுவது அப்படியல்ல. நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா சற்றுக் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. லுக்கேமியா விடயத்தில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. நோய்க்குறி எதுவும் இல்லாதவர் மாதாமாதம் குருதி கொடுத்துக் காசைக் கரைக்கத் தேவையில்லை. கவனம் நெஞ்சில் இருக்கட்டும். இளவயதில் நெஞ்சறையின் நடுவே இனக்கலக் கட்டி (விந்து, முட்டைக் கலங்களை உண்டாக்கும் கலவகையிலிருந்து வளரும் கட்டி) தோன்றும் வாய்ப்பு எக்ஸ்எக்ஸ்வை உள்ளவர்களுக்குப் பலமடங்கு அதிகம். அபூர்வமாக அந்தக் கட்டியின் கலங்களே லுக்கேமியாவாகவும் மாறும். விடாத இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுநோ, சிறுவனுக்கு வயதுக்கு முந்திய பருவமாற்றம் இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடாதீர்கள்.

லுக்கேமியா நோயாளியின் என்புமச்சையில் கூடுதல் எக்ஸ் தெரிந்தால் அது பிறவியிலேயே இருந்ததென்று உடனே எழுதிவிடக் கூடாது. பிள்ளைகளின் லுக்கேமியாவில் புற்றுக்கலங்கள் தாமே எக்ஸ் ஒன்றைக் கூட்டிக்கொள்வது சாதாரணம். நோய் தணிந்தபின் எடுத்த குருதியை, கலங்களைப் பிரிந்து பெருகத் தூண்டும் பைட்டோஹீமாக்ளுட்டினின் சேர்த்து 72 மணித்தியாலம் வளர்த்துப் பார்க்கவேண்டும். ஐயம் தீராவிட்டால் தோல் மாதிரி. வழமையாக 20 கலங்கள் எண்ணுவோம். கலப்புநிலை (சில கலங்களில் மட்டும் கூடுதல் எக்ஸ் இருப்பது) சந்தேகமென்றால் 30க்கு மேல். முதியவரின் என்புமச்சையில் வை மட்டும் காணாமற்போயிருப்பதும் தனியே புற்றுநோய் ஆகாது. வயதோடு வருவது அது, புகைப்போரில் கூடுதலாக.

மாதிரி பழுதாவது பெரும்பாலும் குழாயில்தான். 3 மில்லிலீற்றர் குருதியைப் பச்சை மூடி ஹெப்பரின் குழாயில் எடுத்து, உடனே மெதுவாக எட்டுப் பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஊதா மூடிக் குழாயில் அனுப்பினால் கலங்கள் சரிவர வளரா. குருதி உறைந்து கட்டிபட்டாலும் பயனில்லை. கொழும்புக்கு அனுப்பும்போது ஐஸ்கட்டி குழாயில் நேரே படக்கூடாது, குளிரில் உறைந்த கலம் பிரிந்து பெருகாது. 24 மணித்தியாலத்துக்குள் சேர்வது நல்லது. படிவத்தில் வயது, நோய்க்குறி, மாதிரி குருதியா என்புமச்சையா, கீமோ தொடங்கிய திகதி ஆகியவற்றை வைத்தியர்கள் தயவுசெய்து நிரப்பி அனுப்புங்கள். இவையின்றி, கூடிய எக்ஸ் பிறவியிலா நோயிலா என்று எங்களால் சொல்ல முடியாது.

மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.