பெண்டிங் போட்ட கையெழுத்து

வேலூர்,
ஞாயிறு மாலை.

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. போனில் எதைச் சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

"அந்த ரிப்போர்ட்ட எழுதினது நான் இல்லப்பா, கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்று அழுதாயே, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அதே பேச்சில், உங்கள் நாட்டிங்காம் யூனிவர்சிட்டியில் வில்லியம் பெண்டிங் பிரபுவின் காகிதங்களை வைத்திருக்கிறார்கள், அவர் 1806-இல் நம்ம ஊர் சிப்பாய் கலகத்தின்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர்தானே என்றும் கேட்டாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

பெண்டிங் என்ற பேரைக் கேட்டாலே என்னைப் போல ஆபீசில் குப்பை கொட்டினவனுக்குச் சிரிப்பு வரும். எங்கள் அலமாரி முழுக்க அவர்தான் இருந்தார்.

மனுஷன் பிறந்தது 1774-இல். உங்கள் பக்கத்து வெல்பெக் அரண்மனைக்காரர்கள், போர்ட்லண்ட் டியூக் குடும்பம். பூர்வீகம் ஹாலந்து, 1688-இல் ஆரஞ்சு வில்லியம் இங்கிலாந்து ராஜாவாக வந்தபோது கூடவே வந்தவர் இவர்களின் முன்னோர். இவர் இரண்டாவது பிள்ளை. டியூக் பட்டம் அண்ணனுக்குப் போய்விடும். தம்பிக்கு 'லார்டு' என்று மரியாதைக்குக் கூப்பிடும் பேர் மட்டும்தான், பிரபுக்கள் சபையில் நாற்காலி கிடையாது. அதனால் சாமானியர்கள் நிற்கும் காமன்ஸ் சபைக்குத்தான் நின்றார். 22 வயது நிறையும் முன்பே எம்.பி. உங்கள் நாட்டிங்காம்ஷையருக்கும் பல வருஷம் எம்.பி.யாக இருந்திருக்கிறார். 1803-இல் மெட்ராஸ் கவர்னராக வந்து இறங்கியபோது 29 வயது நிறைய இரண்டு வாரம் பாக்கி. அப்பா செல்வாக்கு இல்லாமல் அந்த வயதில் அந்த நாற்காலி எவனுக்குக் கிடைக்கும்?

இப்போது கையெழுத்துக்கு வருகிறேன். தளபதி சர் ஜான் கிராடக், ராணுவ விதிகளையெல்லாம் ஒரே புத்தகமாகத் தொகுக்கச் சொன்னார். எல்லாம் பழைய உத்தரவுகள். நடுவில் ஒரே ஒரு பத்தி புதுசு: அணிவகுப்பில் சிப்பாய் நெற்றியில் குறி இருக்கக் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும். இது புதுசு என்று ஓரத்தில் யாரும் குறிப்பு வைக்கவில்லை. 1806 மார்ச்சில் புத்தகம் கவர்னர் சபைக்குப் போனது, ஒப்புதலோடு திரும்பி வந்தது. எனக்கு அந்தக் கட்டு கண்ணில் நிற்கிறது. அப்படிப்பட்ட கட்டுகளை நான் நூற்றுக்கணக்கில் மேலே அனுப்பியிருக்கிறேன்.

இது போதாதென்று தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. அதைப் பார்த்த சிப்பாய்களுக்கு அது தொப்பி. தொப்பி போட்டவன் கிறிஸ்தவன், அவ்வளவுதான் கணக்கு. மே மாதம் இங்கே ஒரு படைப்பிரிவு மாட்டேன் என்றது. இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி. அதற்குப் பிறகு கிராடக்குக்கே மனசு உறுத்தி, தலைப்பாகையை விட்டுவிடலாமா என்று கேட்டார். இறங்கி வர வேண்டாம் என்றது கவர்னர் சபை. அந்த முதல் கையெழுத்தைக்கூட மன்னித்துவிடுவேன் பாப்பா, கவனம் தப்பியது என்று. இதை மன்னிக்க மாட்டேன். கேட்டபோதும் யோசிக்கவில்லையே.

ஜூலை 10, விடியற்காலை நம்ம சிப்பாய்கள் கிளர்ந்து எழுந்தார்கள். உனக்குத் தெரியாததில்லை, மக்கான் பக்கம் அந்த நினைவுத் தூணைத் தாண்டித்தானே டியூஷன் போவாய். கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களில் 100-க்கு மேல் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்த பிறகு நம்மவர்கள் 300-க்கு மேல். கோட்டையில் காவலில் வைத்திருந்த திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்கள் கிராடக்கையும் பெண்டிங்கையும் திருப்பி அழைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1807 மார்ச் கடைசியில்தான் இவருடைய அப்பா இரண்டாவது தடவை பிரதமரானார். அடுத்த மாதமே மகனுக்குச் சீட்டுக் கிழிந்தது. இங்கிலாந்துக்கே பிரதமராக இருந்த அப்பனுக்கு அதைத் தடுக்க வழியில்லை. ரிட்டயர்டு ஹெட் கிளார்க் அப்பனால் உனக்கு என்ன செய்ய முடியும், சொல்.

நீ இப்போது விளக்கக் கடிதம் எழுதுகிறாயே, அதைத்தான் அவரும் ஊருக்குப் போய்ச் செய்தார். 1810-இல் டைரக்டர்களுக்கு நீளமாக ஒரு விளக்கம் அச்சடித்துக் கொடுத்தார்: பத்தி எனக்குக் காட்டப்படவில்லை, விசாரிக்காமல் என்னை நீக்கினீர்கள் என்று. நியாயமும் கொஞ்சம் இருந்தது. யாரும் வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நீ நாலாவது படிக்கும்போது, முதியோர் பென்ஷன் பட்டியலில் ஒரு கிழவியை 'இறந்துவிட்டார்' என்று எழுதி வந்ததை நான் அப்படியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்று மாசம் கழித்து அந்தம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றாள். வெற்றிலைக் கறை பிடித்த விரல். கையை நீட்டி, "நான்தான்யா அது. தொட்டுப் பாரு, சுடுதா இல்லையா?" என்றாள். எழுதினவன் நான் இல்லை என்று நானும் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கையைப் பார்த்த பிறகு வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து பட்டியல் வந்தால் ஊருக்கு ஒரு நடை போய்விட்டுத்தான் பேனாவைத் திறப்பேன். அம்மா திட்டுவாளே, ஞாயிற்றுக்கிழமைகூட சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறீர்கள் என்று, அது இதற்குத்தான்.

பெண்டிங்குக்கு அந்த நடை வர இருபது வருஷம் ஆனது. நடுவில் சிசிலியில் ஒரு ஆட்டம் ஆடினார். 1812-இல் இங்கிலாந்து மாதிரியே ஒரு அரசியல் சட்டம் வர வைத்து, ராணியையும் தீவை விட்டு அனுப்பினார். அதை விடு. 1828-இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். பர்மா சண்டையில் கஜானா காலி. லண்டன் உத்தரவுப்படி ராணுவ அதிகாரிகளின் பேட்டாவைப் பாதியாக வெட்டினார். ஆமாம், நம்ம டிரைவர்கள் கேட்கிற அதே பேட்டாதான். வெட்டுகிற டச்சுக்காரன் என்று பட்டப்பேர் வைத்தார்கள். தாஜ்மகாலையே இடித்து விற்கப் பார்த்தார் என்று ஒரு புரளி; விற்றது ஆக்ரா கோட்டையில் கழித்துப் போட்ட பளிங்கு.

நான் சொல்ல வந்தது சதி என்கிற உடன்கட்டை விஷயம். அதை ஒழிக்க வேண்டும் என்று தீர்மானித்தவர், உடனே பேனாவை எடுக்கவில்லை. சிப்பாய்கள் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று 49 ராணுவ அதிகாரிகளிடம் ரகசியமாகக் கேட்டு வாங்கினார். நீதிபதிகளைக் கேட்டார், போலீசைக் கேட்டார். அதன் பிறகுதான் 1829 டிசம்பர் 4-ஆம் தேதி சட்டம். எந்தப் படையும் கிளம்பவில்லை. அந்த 49 பேரை எண்ண வைத்தது நம்ம கோட்டைதான் என்பது என் கணக்கு.

அதற்காக மனுஷன் முழுசாகத் திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய். 1835 பிப்ரவரியில் அவர் சபையில் இருந்த மெக்காலே இங்கிலீஷ் படிப்பைப் பற்றி ஒரு பெரிய குறிப்பு எழுதி வைத்தார். நம்ம இலக்கியம் முழுவதும் நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரு அலமாரிக்கு ஈடாகாது என்கிற அதே குறிப்புதான். பெண்டிங் அதன் கீழே, இதில் சொன்ன கருத்துகளுக்கு என் முழுச் சம்மதம் என்று ஒரே வரி. மார்ச் 7-இல் உத்தரவு. அதே மாசம் கப்பல் ஏறிவிட்டார். ஊர் போனதும் பிரபு பட்டம் கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று கிளாஸ்கோவில் ஓட்டுக் கேட்டு நின்று மறுபடி எம்.பி. ஆனார். 1839-இல் பாரிசில் செத்துப்போனார். பிள்ளைகள் இல்லை.

உன் விளக்கக் கடிதம் எத்தனை பக்கம் ஆயிற்று? ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த ரிப்போர்ட்டால் யாருக்கு நஷ்டமோ அவர்களை முதலில் போய்ப் பார்த்துவிட்டு எழுது.

கருவடாமும் மோர்மிளகாயும் நாளைக்கு பார்சல் போடுகிறேன். நூலகத்தில் அவர் காகிதங்களைப் பார்க்க விட்டார்கள் என்றால், கையெழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல். நிதானமாகப் போட்டிருக்கிறாரா, கிறுக்கியிருக்கிறாரா? போட்டோ எடுக்க விட்டால் அனுப்பு.

அப்பா