முழுதும் வடியாத கெப்பாசிட்டர்

கோயம்புத்தூர்,
மார்கழி

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் வாசித்துக் காட்டினேன். எல்லோருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. உடனே பதில் எழுதாததற்கு என் மேசைமேல் கிடந்த சர்க்யூட் பலகைதான் காரணம். அது ஒலி எழுப்பும்வரை உனக்கு எழுதுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். முந்தாநாள் இரவு, மணி பதினொன்றைத் தாண்டிய பிறகு, அது ஒலித்தது.

பேஸ் கிட்டார் வாசிக்க நீ இருக்கும்போது பேஸ் வாசிக்கும் பெட்டி எதற்கு என்று கேட்டிருந்தாய். இந்தப் பெட்டியின் கதையே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1981இல் டிபி-303 என்ற கருவியை வெளியிட்டது. வடிவமைத்தவர் டடாவோ கிகுமோட்டோ. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார் கலைஞருக்கு, உன்னைப் போன்ற ஓர் ஆள் கிடைக்காத குறையைத் தீர்ப்பதுதான் அதன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை. அதன் ஒலி பேஸ் கிட்டாரைப் போல இல்லை. சுரங்களைத் தனியாகவும் அவற்றின் கால அளவைத் தனியாகவும் பதியச் சொல்லும் முறை வாங்கியவர்களைத் திணறடித்தது. ஏறக்குறைய பத்தாயிரம் கருவிகளோடு 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருள் கடைகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்த கருவிகளில் ஒன்றைச் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் எடுத்து, அதன் குமிழ்களை ஓடும்போதே திருகி, 1987இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு வேர் அதுதான் என்கிறார்கள்.

ஆனால் அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1982இல், மும்பையில் சரண்ஜித் சிங் என்ற திரைப்பட வாத்தியக் கலைஞர் இதே கருவியையும் ரோலண்டின் தாளப் பெட்டியையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய தட்டு அப்போது விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அவரும் பேஸ் கிட்டார் வாசித்தவர் என்பதை உனக்காகக் குறித்துச் சொல்கிறேன். அந்தப் பதிவைக் கேட்ட நாளிலிருந்து இந்தக் கருவியை என் கையால் கட்ட வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்கு அது வழுக்கிச் செல்லும் விதத்தில், வீணையின் ஜாரு என் காதில் விழுந்தது.

அசல் கருவி இன்று நம் கைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் லிமோர் ஃப்ரீட் என்ற பொறியாளர் 2005இல் அதன் மின்சுற்றை ஒட்டி சாக்ஸ்பாக்ஸ் என்ற வடிவமைப்பை யாரும் கட்டிக்கொள்ளும்படி திறந்து வெளியிட்டார். அசலின் நிரல் சில்லுக்குப் பதிலாக அதில் ஏடிமெகா162 என்ற மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது. ஒலியை உண்டாக்கும் பகுதியோ ஏறக்குறைய அப்படியே பழையது. நான் கட்டியதும் அந்த வழியில் வந்த பலகையைத்தான். வெறும் பலகை மட்டும் தபாலில் வந்தது. ரெசிஸ்டர், மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர், ஐசி சாக்கெட், 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து சேர்த்தேன்.

பவர் சப்ளையை முதலில் முடித்து, மற்ற எதையும் பொருத்துவதற்கு முன் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். ஓரிடத்தில் 5.333 வோல்ட் வரும்வரை பிரீசெட் என்ற சிறு திருகைத் திருப்ப வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. ஐந்து என்றால் புரியும், ஆறு என்றால் புரியும், இது என்ன கணக்கு என்று அன்று இரவு தூங்காமல் யோசித்தேன். சுரத்தைத் தீர்மானிக்கும் எண் ஆறு பிட் கொண்டது. ஆகவே 64 நிலைகள். ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு அரைச்சுரம். எனவே ஒவ்வொரு நிலையும் ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 64ஐ 12ஆல் வகுத்துப் பார்: 5.333. பன்னிரண்டு சுரத்தானங்களின் கணக்கு ஒரு மின்னழுத்தத்துக்குள் அப்படியே உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உன்னிடம்தான் சொல்ல முடியும். அந்த எண்ணை வோல்ட்டாக மாற்றும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ரெசிஸ்டர்கள் ஏணிபோல அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு சதவீதப் பிசகு உள்ளவற்றை வாங்கி, அவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கினேன்.

அடுத்து வந்தது டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்க்கும் வேலை. மூன்று நாள் பிடித்தது. சுரத்தின் அதிர்வை உண்டாக்கும் ஆசிலேட்டரில் வோல்ட்டை அதிர்வெண்ணாக மாற்றும் இடத்தில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒரே குணத்தோடு இருக்க வேண்டும். அங்கே டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் என்ற இரண்டு கால்களுக்கு இடையே ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அதே அழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது. ஜோடியில் ஒன்று மட்டும் ஒரு டிகிரி சூடானால் சுருதி ஓர் அரைச்சுரத்துக்கு மேலேயே நகர்ந்துவிடும் என்று இதிலிருந்து தெரிகிறது. நான் டிரான்சிஸ்டரைக் கையால் எடுத்துச் சோதனைப் பலகையில் செருகியதும் மீட்டரில் எண் ஓடத் தொடங்கும். விரலின் சூடு இறங்கும்வரை நிற்காது. பிறகு சிறிய இடுக்கியால் எடுத்து, மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் காத்திருந்து எண்ணைக் குறித்தேன். நூறு டிரான்சிஸ்டர்களில், ஒரு மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போனவற்றைப் பிரித்து வைத்து, ஆசிலேட்டருக்கான ஜோடியின் தட்டையான முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சுருங்கும் குழாயைப் போட்டு இறுக்கினேன். இனி சூடானாலும் குளிர்ந்தாலும் இரண்டும் சேர்ந்தே மாறும்.

உயர்ந்த அதிர்வெண்களை வெட்டி ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர்தான் இந்தக் கருவியின் குரல்வளை. அதில் டிரான்சிஸ்டர்களின் கலெக்டர் என்ற மூன்றாவது காலையும் பேஸையும் இணைத்து டயோடாக்கி, ஏணிப்படிகளாக அடுக்கியிருக்கிறார்கள். மூக் என்ற சிந்தசைசரின் புகழ்பெற்ற ஏணி ஃபில்டரில் ஒரு படி அடுத்த படியைப் பெரிதாகப் பாதிக்காது. இதில் எல்லாப் படிகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. நான்கு கெப்பாசிட்டர்களில் மூன்று 0.033 மைக்ரோஃபாரட், ஒன்று மட்டும் 0.018. வெட்டும் இடத்து அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ரெசொனன்ஸ் குமிழை முழுதாகத் திருப்பினாலும் அது தானாக ஊளையிடுவதில்லை. ஊளையின் விளிம்புவரை போய் அங்கே நின்று நெளிகிறது. அந்த நெளிவைத்தான் ஆசிட் என்ற பெயரோடு மக்கள் அடையாளம் காண்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு தவறு நேர்ந்தது. ஜப்பானிய 2எஸ்சி வகை டிரான்சிஸ்டர்களில் கால்களின் வரிசை எமிட்டர், கலெக்டர், பேஸ். நமக்கு எளிதாகக் கிடைக்கும் பிசி547இல் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிந்தையதைத் திருப்பிச் செருகினால் போதும் என்று எண்ணி எல்லா இடத்திலும் அப்படியே சால்டர் வைத்துவிட்டேன். ஃபில்டரின் படிகளில் அது சரியாகவே அமைந்தது. அங்கே பேஸும் கலெக்டரும் ஏற்கெனவே இணைந்திருப்பதால் அவை இடம் மாறினாலும் ஒன்றுதான். மற்ற இடங்களில் நடுக்கால் மாறியதால் ஆசிலேட்டர் ஊமையாக இருந்தது. பதினொரு டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, கால்களை வளைத்து மறுபடியும் வைத்தேன். ஓரிடத்தில் செம்புப் பட்டையே உரிந்து வந்துவிட்டது. மெல்லிய கம்பியை வைத்து அதை இணைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வருத்தமும் உண்டு. ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் பிஏ662 என்ற சில்லு இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய இருப்பு என்று சொல்லி ஒருவர் இரண்டு அனுப்பினார். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் மேலே இருந்த எழுத்து கரைந்து போயிற்று. வேறு ஏதோ சில்லின் முகத்தைத் தேய்த்துப் புதிதாக அச்சிட்டிருக்கிறார்கள். முடிவில், அதே வேலையைச் செய்யும்படி தனி டிரான்சிஸ்டர்களைக் கொண்டு ஒரு சிறு பலகையைக் கட்டி அந்த இடத்தில் நிறுத்தினேன்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். கணினியில் இந்த ஒலியைத் தரும் மென்பொருள்கள் உண்டு; அவற்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரு சுரத்துக்கு அழுத்தம் கொடுக்கும் ஆக்சென்ட் என்பதை அப்போதெல்லாம் அந்தச் சுரம் மட்டும் சற்று உரத்து ஒலிப்பது என்றே புரிந்து வைத்திருந்தேன். பலகையில் அந்தப் பகுதியை என் கையால் கட்டிய பிறகுதான் அதன் உள்ளே நடப்பது தெரிந்தது. அழுத்தம் கொடுத்த சுரம் உரத்து ஒலிப்பதோடு அதன் வடிவும் குறுகி, அணையும் வேகத்தை அமைக்கும் டிகே குமிழ் எங்கே இருந்தாலும் வேகமாக அணைகிறது. கூடவே ஒரு மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சார்ஜ் ஆகி ஃபில்டரை மேலும் திறக்கிறது. அடுத்த சுரத்துக்கும் அழுத்தம் கொடுத்தால், முதல் சுரத்தின் சார்ஜ் முழுதும் வடிவதற்கு முன்பே இரண்டாவது வந்து சேர்ந்துவிடும். அதனால் ஃபில்டர் முன்பைவிட அதிகமாகத் திறக்கிறது. மூன்றாவதற்கு இன்னும் அதிகம். எந்தக் குமிழையும் தொடாமலே, ஒரே சுரத்தை நான்கு முறை வாசித்தால் நான்கும் நான்கு விதமாக எழுகின்றன. ரெசொனன்ஸ் குமிழுக்குள் இரண்டு கன்ட்ரோல்கள் ஒரே தண்டில் இருக்கின்றன. இரண்டாவது இந்தச் சுற்றுக்காகவே வைக்கப்பட்டது.

தவில்காரர் ஒரு கோர்வையை மூன்று முறை வாசிக்கும்போது மூன்றாவதில் வரும் அந்த ஏற்றத்தை நீயும் நானும் கோயில் திருவிழாக்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! முன் அடித்தது இன்னும் கையில் இருப்பதால்தான் அந்த ஏற்றம் வருகிறது. இங்கே அந்த வேலையை ஒரு கெப்பாசிட்டர் செய்கிறது. முந்தாநாள் இரவு ஆசிலோஸ்கோப்பின் முனையை அதன் காலில் வைத்து, பச்சைக் கோடு படிப்படியாக ஏறுவதையும், அழுத்தம் இல்லாத சுரம் வந்ததும் மெல்ல இறங்குவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் கேட்பதும் கண்ணில் தெரிவதும் ஒன்றாக இருந்தன.

வழுக்கலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு சுரங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு இருந்தாலும் இந்தக் கருவி எடுத்துக்கொள்ளும் நேரம் ஒன்றுதான். அரைச்சுரம் என்றால் மெதுவாகச் சாய்கிறது. ஒரு ஸ்தாயி என்றால் பாய்கிறது. போய்ச் சேரும் சுரத்தை மறுபடியும் மீட்டுவதும் இல்லை. மாயாமாளவகௌளையில் பதினாறு படிகளை அமைத்து, ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு மட்டும் வழுக்கலை வைத்துப் பார்த்தேன். கமகம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் உன் காதுக்குப் பிடிக்கும்.

இன்னும் வேலை இருக்கிறது. மேல் ஸ்தாயியில் சுருதி சற்றுத் தாழ்ந்து கேட்கிறது; அதற்கான பிரீசெட்டை, பெட்டி அரைமணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகுதான் திருப்ப வேண்டும். மார்கழிக் குளிரில் விடியற்காலை ஒரு சுருதியும் பகலில் ஒரு சுருதியும் காட்டுகிறதா என்று தினமும் குறித்து வருகிறேன். மேல்மூடிக்கு அலுமினியத் தகடு வெட்டக் கொடுத்திருக்கிறேன்; அதுவரை பலகை திறந்தே கிடக்கிறது.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது பேஸ் கிட்டாரையும் உன் பழைய டியூனரையும் மறக்காமல் கொண்டுவா. நீ முதலில் வாசி. அதே வரியை நான் பெட்டியில் பதிகிறேன். எந்தச் சுரத்துக்கு அழுத்தம் வைப்பது என்பதை நீயே சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்து