கரும்பலகையின் வலது மூலை

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள இசக்கி,

நலம், நலமறிய ஆவல். கார் நடவு முடிந்துவிட்டது. உன் மதினி உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நீ தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்ற செய்தியைச் சீனி அண்ணாச்சியின் வாயால் கேட்க நேர்ந்ததற்கு உன்னிடம் தனியாகக் கணக்குத் தீர்த்துக்கொள்கிறேன். அத்துடன் அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை இந்நேரத்தில் எழுத உட்கார வைத்திருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் கரும்பலகையின் வலது மேல் மூலையில் அன்றைய கற்றல் நோக்கத்தை எழுத வேண்டும் என்றும், முதல் பாடவேளையிலேயே நீ வகுப்பு வகுப்பாகச் சென்று அதைப் பார்வையிடுவாய் என்றும் சுற்றறிக்கை விட்டிருக்கிறாயாமே! பாடக்குறிப்பேட்டில் கையொப்பம் வாங்க அறை வாசலில் காத்து நிற்பதை ஆயுள் தண்டனை என்று சொல்லித் திரிந்த இசக்கியா இவன் என்று அண்ணாச்சியும் நானும் வெகுநேரம் சிரித்தோம்.

சிரிப்பு இருக்கட்டும். நோக்கத்தை எழுதச் சொன்னது சரி. எழுதியிருக்கிறார்களா என்று நீ பார்க்கப் போவதுதான் எனக்கு அச்சமூட்டுகிறது. எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் இதே கட்டளை வந்தது. முதலில் ஆசிரியர்கள் யோசித்துத்தான் எழுதினார்கள். போகப்போகப் பாடத் தலைப்பை எடுத்து அதன் வாலில் 'அறிதல்' என்று ஒட்டத் தொடங்கினார்கள்: பின்னங்களை அறிதல், வேற்றுமையை அறிதல், ஒளிச்சேர்க்கையை அறிதல். கடைசியில் வகுப்புத் தலைவனே காலையில் தேதியோடும் வருகைப் பதிவோடும் அதையும் சேர்த்து எழுதிவிட்டான். பார்வையிட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பினார்கள். வகுப்பில் எதுவும் மாறவில்லை.

பாளையங்கோட்டையில் பி.எட். படித்தபோது கண்ணாடி ஐயா அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் மேகரைப் பற்றி ஒரு பிற்பகல் முழுவதும் பேசினாரே, நினைவிருக்கிறதா? நீ உறங்கியிருப்பாய், ஆகவே சொல்கிறேன். கற்றல் நோக்கத்தை எழுதுகிறவன் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்பதே மேகர் 1962-இல் வைத்த வரையறை: மாணவன் எதைச் செய்து காட்டுவான், எந்தச் சூழலில் செய்வான், எவ்வளவு சரியாகச் செய்தால் போதும்? அன்று அது தேர்வுக்கான மனப்பாடம். இன்று வல்லினம் மிகும் இடங்களை எட்டாம் வகுப்பில் நடத்தும்போது அதன் அருமை தெரிகிறது. 'வல்லினம் மிகுதலை அறிதல்' என்று எழுதினால் எனக்கே அன்று என்ன செய்வது என்று விளங்காது. 'பாபநாசத்திற்குப் போனேன், அருவியைப் பார்த்தேன் என்பவை போல, கு, ஐ உருபுகள் வரும் ஐந்து தொடர்களை நானே எழுதி, ஒற்று மிகும் இடத்தில் வட்டமிடுவேன். குறைந்தது நான்கு சரியாக இருக்க வேண்டும்' என்று எழுதினால், வாசிக்கிற பிள்ளைக்கு வேலை என்னவென்று தெரிகிறது. அதைவிட முக்கியமாக, அந்த நாற்பது நிமிடத்தில் எதையெல்லாம் பேசாமல் விட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. ஒற்றைப் பற்றித் தொடங்கித் தொல்காப்பியம் வரை போய்விடும் என் வழக்கத்தை நீ அறிவாய்.

அரசு ஆவணத்தில்தான் எல்லாம் இருக்கிறதே என்று உன் உதவித் தலைமை ஆசிரியர் சொல்லக்கூடும். தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மன்றம் 2017-இல் தொடக்கநிலை வகுப்புகளுக்கு வெளியிட்ட கற்றல் விளைவுகள் ஒரு வகுப்பின் ஆண்டு முழுமைக்கும் உரியவை. அவற்றில் ஒரு வரியை அப்படியே பலகையில் எழுதி மாலைக்குள் அடைய நினைப்பது நடவாத காரியம். அந்த ஒரு வரியைப் பல நாள் வேலையாகப் பிரித்துத் தருவது ஆசிரியர் மட்டுமே செய்யக்கூடியது. உன் மதினி தொடக்கப்பள்ளியில் செயல்வழிக் கற்றல் நடத்திய நாட்களில், பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் ஏணிப்படியில் தான் எந்த அட்டையில் நிற்கிறோம் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். அந்த முறையில் எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு. இந்த ஒன்றில் மட்டும் அதை மிஞ்சியதை நான் பார்த்ததில்லை.

உன் பாடத்தில் வேறொரு சிக்கல் உண்டு, கணக்குப்புலி. 'முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என அறிதல்' என்று காலையிலேயே எழுதிவிட்டால், பிள்ளை எதற்காகக் காகித முக்கோணத்தை வெட்ட வேண்டும்? விடைதான் பலகையில் இருக்கிறதே. 'மூன்று முனைகளையும் கிழித்து அருகருகே ஒட்டி, கூடுதல் எவ்வளவு என்று கண்டு, ஏன் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வேன்' என்று எழுதச் சொல். செய்யுள் நடத்தும் நாளில் நான் எதையுமே முன்கூட்டி எழுதுவதில்லை. முதலில் பாட்டு காதில் விழட்டும், பிறகுதான் மற்றவை. இதற்காக என் மீது நடவடிக்கை எடுக்க உனக்கு அதிகாரம் இல்லை என்பதில் எனக்குப் பெரும் நிம்மதி.

ஆனால் இசக்கி, என்னை உண்மையில் வாட்டுவது வேறு. ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். உன் பள்ளியிலும் இருப்பார்கள். நாள்தோறும் தம்மால் எட்ட முடியாத ஒன்றைப் பலகையில் பார்க்கிற பிள்ளை நாளடைவில் பலகையைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை தருகிறார்கள். நடுநிலை வகுப்பிலும் அன்றைய நோக்கத்திற்குள்ளேயே இரண்டு படிகள் வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து தொடர்களைச் சொந்தமாக எழுத முடியாதவன், நான் எழுதிப்போட்ட மூன்று தொடர்களில் ஒற்று மிகும் இடத்தைத் தொட்டுக் காட்டினால் அன்றைக்கு அவனும் முடித்தவனே. பாடவேளை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்குகிறேன். செய்தவர், பாதி செய்தவர், செய்யாதவர் என்று மூன்றாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் மறுநாள் நோக்கத்தை எழுதுகிறேன். சில நாள் பழைய நோக்கமே மறுபடியும் பலகையில் நிற்கும். உன் ஆசிரியர் எவரேனும் அப்படி இரண்டாம் நாளும் அதையே எழுதியிருந்தால், தயவுசெய்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்துவிடாதே. அவர்தான் சீட்டைப் பார்த்தவர்.

ஆகவே அந்தச் சுற்றறிக்கையில் ஒரே ஒரு வரியை மாற்று. காலையில் பலகையைப் பார்க்கப் போகாதே; பாடவேளை முடியும்போது போ. கடைசி வரிசையில் ஏதாவது ஒரு பிள்ளையிடம், இன்றைக்கு உனக்கு என்ன செய்ய வந்தது, செய்து காட்டு என்று கேள்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வருவாய் அல்லவா? திரும்பும் வழியில் வீட்டில் இறங்கு. வரும்போது உன் எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரின் பாடக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி வா. அவர் நன்றாக எழுதுகிறார் என்று அண்ணாச்சி சொன்னார். உன்னுடைய பழைய குறிப்பேடு வேண்டாம். அது என்னைப் பார்த்து எழுதியது.

அன்புடன்,
பரமசிவன்