குழிக்கு முன்னால் வாளி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். பெரியவன் காலேஜ் சேர்ந்துவிட்டான்.

பள்ளியில் உரக்குழி போடப் போகிறோம், பிள்ளைகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். குழியை அப்புறம் தோண்டிக்கொள், முதலில் மீந்த சோற்று வாளியை எடை போடு. உலகத்தில் 2022இல் மட்டும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாயிற்று, அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. இதை ஏழாம் வகுப்புக்குச் சொன்னபோது நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பழைய பேப்பர்காரரிடம் கொக்கித் தராசு வாங்கி, மதியம் மீந்ததையெல்லாம் ஒரே வாளியில் கொட்டி மாட்டியபோது, முள் இறங்க இறங்க வராந்தாவே அமைதியாகிவிட்டது. தினமும் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள், அதை வைத்தே கணக்கு டீச்சர் சராசரி நடத்துகிறார்.

யாரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். ஏன் கொட்டுகிறாய் என்று கேட்டால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள், ஆனால் பயம் இருந்தால் சொல்ல மாட்டார்கள். எங்கள் பள்ளியில் சத்துணவு சாப்பிடுகிறவர்களும் உண்டு, டப்பா கொண்டுவருகிறவர்களும் உண்டு. டப்பா பிள்ளைகள் பலபேர் சொன்னது ஒன்றுதான்: "மிச்சம் வச்சுட்டுப் போனா அம்மா திட்டுவாங்க மிஸ்." டப்பா காலியாக வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காகவே இங்கே கொட்டிவிட்டுப் போகிறார்கள், அம்மாவும் பிள்ளை சாப்பிட்டுவிட்டதாக நினைத்து மறுநாளும் அதே அளவு கட்டித் தருகிறார். பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் பேசினேன். மீதி வந்தால் திட்டாதீர்கள், அளவைக் குறையுங்கள் என்று சொன்னேன், அதற்குப் பலன் இருக்கிறது. சத்துணவு வரிசையில் சமையல் அக்கா இப்போது முதலில் பாதிக் கரண்டிதான் வைக்கிறார், வேண்டுமென்றால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இன்னொன்று, விளையாடிவிட்டு வந்து சாப்பிடும் நாட்களில் வாளி இலேசாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு விளையாடப் போகிற நாட்களில் பாதிச் சோறு அவசரத்திலேயே போய்விடுகிறது.

சரி, உரத்துக்கு வருகிறேன். ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு சருகு என்று கொள்ளளவில் போடு, நம் ஊர்ச் சூட்டில் சருகு குறைந்தால் சாயங்காலமே நாறும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. தொடக்கத்துக்குப் புளித்த மோரோ சாணக் கரைசலோ போதும். மீந்த சோற்றை நடுவில் புதைத்து மேலே கனமாகச் சருகு போட்டு மூடு, இல்லையென்றால் எலி வந்துவிடும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். முருங்கைச் சக்கை மக்குவதற்குத்தான் நாளாகும். ஒரு வாரம் கழித்து ஒரு இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல். எங்கள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டு, "உள்ள யாரு மிஸ் அடுப்பு வச்சது?" என்று கேட்டான். நுண்ணுயிர் பாடத்தை அங்கேயே நின்று நடத்தினேன். உள்ளே காற்றுப் புகுந்தால் 50, 60 டிகிரிகூட ஏறும், அதனால்தான் கிளறிவிடுகிறோம் என்றால் உடனே புரிகிறது.

காற்றே போகாத இடத்தில் என்ன ஆகும் என்று சொல்ல எனக்கு வட சென்னையில் கொடுங்கையூர்க் குப்பை மலை இருக்கிறது, எங்கள் பிள்ளைகளில் சிலர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறார்கள். சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. சோறும் காய்கறியும் அந்த மலைக்கு அடியில் அழுகினால் மீத்தேன் வரும், பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல், தீப்பிடித்தால் அணைப்பதும் சிரமம். அந்தப் புகையைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. ஊர் முழுக்கக் கொட்டுவதை அவர்கள் வீட்டுப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுகிறோம் என்பது எனக்கு ஆறவே இல்லை. பெருங்குடியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் இதே கதிதான்.

உரம் வருகிறதே என்று சோற்றைக் கொட்டுவது கூடிவிடாமல் பார்த்துக்கொள். வாளி எடை குறைகிறதா என்பதுதான் எங்களுக்கு முதல் கணக்கு, உரம் அதற்கப்புறம்தான்.

உங்கள் வாட்ச்மேனிடம் சருகைக் கொளுத்த வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை, ஐப்பசி மழைக்கு முன் குழிக்குத் தகரமோ தார்ப்பாயோ போட்டுவிடு. தஞ்சாவூர்ப் பக்கம் வைக்கோல் கிடைக்குமே, சருகு போதாவிட்டால் நறுக்கிப் போட்டுப் பார், எத்தனை நாளில் மக்குகிறது என்று எழுது. அரையாண்டு லீவில் இங்கே வருவதானால் முன்கூட்டியே சொல், அம்மாவையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி