ஆண் குழந்தையின் சிறுநீர் சொட்டுகிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பச்சிளம் ஆண் குழந்தை நாளுக்கு எத்தனை முறை சிறுநீர் போகிறது என்று வீட்டில் கணக்கு வைக்கிறோம். எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நூல் போல வருவது, முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாக விழுவது, துணி எந்நேரமும் ஈரமாகவே இருப்பது எல்லாம் 'பி.யு.வி.' (posterior urethral valves) எனப்படும் பிறவி அடைப்பின் அடையாளமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவரும் பாதையில் ஒரு மெல்லிய சவ்வு மடிப்பு வழியை மறிக்கிறது. சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பெண் குழந்தைகளுக்கு இது இல்லை. மறிப்பை எதிர்த்துத் தள்ளியே சிறுநீர்ப்பைச் சுவர் தடித்துப்போகும். அந்த அழுத்தம் மேலே ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைத்து, வளரும்போதே கெடுத்துவிடும். தடித்த பை சில காலம் வேகமாகவே தள்ளும் என்பதால், சிறுநீர் நன்றாகப் பாய்கிறது என்பதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஐந்தாம் மாத ஸ்கேனில் இரு சிறுநீரகமும் வீக்கம், சிறுநீர்ப்பை காலியாகவில்லை, பனிக்குட நீர் குறைவு என்று இருந்தால், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். கருவின் பாலினத்தைச் சட்டப்படி சொல்ல மாட்டார்கள். அது தெரிய வேண்டியதும் இல்லை. ஏழாம் மாதத்துக்குப் பிறகே வீக்கம் தெரியும் குழந்தைகளும் உண்டு. எனவே முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும் கடைசி மாதங்களின் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

பிறந்ததும் மெல்லிய ஃபீடிங் டியூபால் சிறுநீரை வடிக்க வேண்டும். பலூன் வைத்த கதீட்டர் வேண்டாம். சுருங்கிய பையில் பலூன் சிறுநீரகக் குழாய்களின் வாயையே அடைத்துவிடக்கூடும். அடைப்பு நீங்கியதும் சிறுநீர் வெள்ளமாக வெளியேறி உடலின் உப்பையும் நீரையும் இழுத்துப்போகலாம். உடலுக்குள் போகும் நீரும் வெளியேறும் நீரும் மணிக்கு மணி அளக்கப்பட வேண்டும். சிறுநீரகத்தின் செயல்திறனைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின், முதல் நாளில் தாயின் அளவையே காட்டும், அதை நம்பி நிம்மதி அடையக் கூடாது. சிறுநீர்ப்பையில் மருந்து நிரப்பி, சிறுநீர் கழிக்கும்போது எடுக்கும் எம்.சி.யு. எக்ஸ்ரேயில் உறுதி செய்தபின் உள்நோக்கி வழியாகச் சவ்வை நீக்குவார்கள்.

பல பெற்றோர் இத்துடன் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். பெரும் ஆபத்து இங்கேதான். சவ்வு போனாலும் விறைத்த பை பல ஆண்டுகள் சரியாக இயங்காமல் இருக்கலாம். முதல் ஆண்டில் கிரியேட்டினின் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 0.8-க்குக் கீழே இறங்கினால் நம்பிக்கை வைக்கலாம்; 1-ஐத் தாண்டியே நின்றால் விடாத கண்காணிப்பு தேவை. ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கழித்தபின் பையில் தங்கும் அளவு ஆகியவற்றை வளர்ந்து பெரியவனாகும் வரை பார்க்க வேண்டும்.

சளி, இருமல் இல்லாத காய்ச்சல் எந்தக் குழந்தைக்கு வந்தாலும் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரில் கிருமி உள்ளதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேல் பகலிலும் நனைப்பதும், கூடவே மலச்சிக்கல் இருப்பதும் ஆண், பெண் இருபாலரிலும் சிறுநீர்ப்பைக் கோளாறைக் காட்டலாம். முதுகின் அடியில் முடிக்கற்றையோ குழியோ இருந்தால் முதுகுத்தண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மிக அரிதான ஓச்சோவா நோயில், குழந்தை சிரிக்கும்போது முகம் அழுவதுபோல் கோணும். அதற்கும் சிறுநீர்ப்பை ஸ்கேன் அவசியம்.

6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும், "பையன் சிறுநீர் எப்படிப் போகிறான்?" என்று செவிலியர் கேட்டு அட்டையில் குறிக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

– குழந்தைகள் நல மருத்துவர், மதுரை