மூக்கு ஊசியாக இருக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிறுவர்களுக்கான மாதிரி ராக்கெட் செய்முறை ஒன்று வந்திருந்தது. காகிதக் குழாய்க்கும் வால் துடுப்புகளுக்கும் அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், மூக்குக் கூம்பை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: மரத்தை ஊசிபோல் கூர்மையாகச் சீவிக் குழாயில் இறுக்கமாகச் செருக வேண்டுமாம். அந்த ஒரு வரிக்குள் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டையும் நானே செய்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் லேத்தில் நின்றவன். இரும்பு, பித்தளை, வெண்கலம் என்று கொடுத்ததையெல்லாம் கடைந்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து, அதில் இரண்டு கூடினாலே வேலை திரும்பி வந்துவிடும். அந்தக் கணக்கில் ஊறிப்போன கை இது. ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், ஏழாவது படிக்கும் என் பேத்தி ஒரு காகிதக் குழாயைக் கொண்டுவந்து நீட்டினாள். வெளிவிட்டம் 24.8 மில்லிமீட்டர், உள்விட்டம் 24.1. துடுப்பெல்லாம் ஒட்டியாகிவிட்டது, மூக்குதான் இல்லை. “தாத்தா, கடைஞ்சு தருவீங்கதானே?” என்றாள். மரம்தானே, அரை மணி நேர வேலை என்று சொல்லிவிட்டேன். கூம்பு ஒழுங்காக அமைய ஏழு வாரம் ஆனது.

முதலில் எடுத்தது பால்சா கட்டை. கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோதான் வரும். தேக்கு அதைப்போல் நான்கு மடங்கு. கையில் வைத்தால் கட்டை இருப்பதே தெரியாது. லேத்தில் மாட்டி, நன்றாகத் தீட்டிய உளியை வைத்தேன். இரும்பு சுருள் சுருளாகக் கழன்று வரும். பால்சா நசுங்கிப் பிய்ந்தது. நகம் பட்டாலே பள்ளம் விழுகிற மரத்தை உளியால் அழுத்தினால் வேறென்ன ஆகும்? நுனியை நெருங்கும்போது பாதிக் கூம்பு முறிந்து பறந்து சுவரில் மோதியது. “தாத்தாவோட முதல் ராக்கெட் கிளம்பிடுச்சு” என்றாள் பேத்தி.

அலுமினியத்தில் கடைந்துவிடலாமா என்று கை துடித்தது. அவள்தான் தடுத்தாள். மூக்கு, உடல், துடுப்பு எதிலும் உலோகம் கூடாது, எடை குறைந்த பொருள்கள்தான் என்பது இந்தப் பொழுதுபோக்கின் முதல் விதியாம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1950-களில் இளைஞர்கள் உலோகக் குழாயில் தாங்களே மருந்து திணித்துப் பற்றவைத்து, விரலையும் கண்ணையும் இழந்தார்கள். 1954-இல் அமெரிக்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் காகிதக் குழாய், பால்சா, மாற்றிப் போடும் சிறிய மோட்டார் (மின்மோட்டார் அல்ல, மருந்து அடைத்தே வரும் சிறிய கூடு) என்று அமைத்துக் காட்டிய பிறகுதான் இது சிறுவர்கள் கையில் கொடுக்கக்கூடிய விளையாட்டு ஆனது. கணக்குப் போட்டும் பார்த்தேன். எங்கள் கூம்பை எஃகில் கடைந்தால் 220 கிராமுக்கு மேல் போகும். ராக்கெட் மொத்தமும் மோட்டாரோடு சேர்த்து 50 கிராம்கூடக் கிடையாது.

சரி, உலோகம் வேண்டாம், என் உளிக்குப் பணிகிற மரமாவது இருக்கட்டும் என்று ஒரு பழைய தேக்குத் துண்டை எடுத்தேன். அது சொன்னபடி கேட்டது. 75 மில்லிமீட்டர் நீளம், கொசு உட்கார்ந்தால் குத்திக்கொள்ளும் அளவுக்குக் கூர்மை, 18 கிராம். குழாய்க்குள் இறங்கும் கழுத்தை மிகச் சரியாக 24.1 வைத்து, மேலே மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தேன். குழாயில் செருகியபோது காற்று மெல்லச் சீறிக்கொண்டு வெளியேறியது. எங்கள் தொழிலில் அந்தச் சத்தம் கேட்டால் மேஸ்திரி தோளில் தட்டிக்கொடுப்பார்.

ராக்கெட்டில் அந்தச் சத்தம்தான் ஆபத்து. இந்தச் சிறிய மோட்டார்களின் மேல் ‘ஏ8-3’ என்பதுபோல் எழுதியிருக்கும். ‘ஏ’ மொத்த உந்துதலின் வகுப்பு. 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். கடைசி 3, மருந்து எரிந்து தீர்ந்தபின் காத்திருக்கும் விநாடிகள். அந்த மூன்று விநாடி முடிந்ததும் மோட்டாரின் தலைப்பக்கம் இருக்கும் சிறிய வெடிமருந்து குழாய்க்குள் வெடித்து, மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியேற்ற வேண்டும். என் மூக்கு அசையவே இல்லை. வார்னிஷ் ஏறிய கனத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. முன்னால் போக வழியில்லாத அழுத்தம், மோட்டார் கூட்டையே பின்பக்கமாகத் துப்பிவிட்டது. பாராசூட் உள்ளேயே இருக்க, ராக்கெட் தலைகீழாகத் திரும்பி வந்தது.

நாங்கள் தள்ளித்தான் நின்றோம். திடலில் வேறு யாரும் இல்லை. ஈர மண்ணில் கூம்பு முழுவதும் புதைந்து நின்றதைப் பேத்தி இரண்டு கையாலும் பிடுங்கி எடுத்தாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. ‘கடைந்தெடுத்த முட்டாள்’ என்று சொல்வார்களே, அது எனக்கு இரட்டைப் பொருத்தம்.

ஆக, முதல் தவறு இறுக்கம். இரண்டாவது அந்த ஊசிமுனை. கட்டுரையாளரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, படத்தில் பார்க்கிற ராக்கெட் எல்லாம் கூராகத்தானே இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் போகும் பொருளுக்கு முன்னால் அதிர்ச்சி அலை எழும், அங்கே கூர்முனைக்கு வேலை உண்டு. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. சிறுவர்கள் விடும் சிறிய ராக்கெட் அதில் பாதியைத் தொடுவதே அபூர்வம். அந்த வேகத்தில் மூக்கு வருமுன்னே காற்று விலகத் தொடங்கிவிடுகிறது. நுனி உருண்டிருந்தால் இழப்பு ஒன்றுமில்லை. அதைவிட, கூம்பும் குழாயும் சேருமிடத்தில் அரை மில்லிமீட்டர் படி நின்றாலோ பரப்பு சொரசொரத்தாலோதான் உயரம் குறையும். கூர்முனையால் ஒரே ஒரு பலன்தான்: விழும்போது ஈட்டி ஆகிறது.

மூன்றாவது கூம்பைப் பேத்தியே கடைந்தாள். லேத் இல்லை, உளி இல்லை. மறுபடியும் பால்சாதான், மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிற கட்டை. அடியின் நட்டநடுவில் 6 மில்லிமீட்டர் துளை, 25 மில்லிமீட்டர் ஆழம். அதில் ஓர் உருண்டைக் குச்சியைப் பசை வைத்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டோம். துளை சாய்ந்தால் கூம்பு தள்ளாடும், எனவே அதை மட்டும் நான் போட்டுக் கொடுத்தேன். கட்டையின் நான்கு மூலைகளையும் கத்தியால் சீவி எண்கோணமாக்கினாள். குச்சியின் மறுமுனையைக் கை டிரில்லின் சக்கில் மாட்டி, டிரில்லை வைஸில் பிடித்தாயிற்று.

உளிக்குப் பதில் உப்புத்தாள், ஒரு மரத்துண்டில் ஒட்டியது. வெறும் கையில் பிடித்தால் மரத்தின் மென்மையான பகுதியை மட்டும் அது தோண்டிவிடும். 80-ஆம் எண்ணில் தொடங்கி 120, 220 என்று போனாள். அடியிலிருந்து நுனியை நோக்கித்தான் வேலை, நுனியைக் கடைசிவரை தடிமனாக விட்டுவைக்க வேண்டும். என் முதல் கூம்பு முறிந்தது அங்கேதான். கண்ணாடியும் மூக்கு மூடியும் கட்டாயம், பால்சா தூள் புகைபோல் எழும்பும். கையுறை மட்டும் கூடவே கூடாது, சுழலும் பொருள் அதைப் பிடித்து விரலோடு இழுத்துக்கொள்ளும். தொழிலில் நான் முதல் நாளே கற்றது அது.

வளைவுக்கு அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டோம். இதை ஓஜைவ் என்பார்கள், வட்டத்தின் ஒரு துண்டுதான். கூம்பின் நீளத்தையும் அடி ஆரத்தையும் தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டி, அடி விட்டத்தால் வகுத்தால் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். எங்கள் 75 மில்லிமீட்டர் நீளத்துக்கும் 12.4 ஆரத்துக்கும் அது 233 மில்லிமீட்டர். அடிக்கோட்டைக் கூம்பின் நடுக்கோட்டுக்கு மறுபக்கம் 220.6 நீட்டி, அங்கே ஓர் ஊசி குத்தி, நூலால் வீசினால் வளைவு வந்துவிடும். கூம்பு குழாயோடு சேருமிடத்தில் மடிப்பே தெரியாது. வெர்னியரில் சரிபார்க்க மூன்று அளவுகள் போதும்: நுனியிலிருந்து கால் பங்கில் விட்டம் 11, பாதியில் 18.7, முக்காலில் 23.3. பாதி நீளத்திலேயே முக்கால்வாசிப் பருமன் வந்துவிடுவதைப் பாருங்கள். கண்ணால் பார்த்துச் சீவுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் மெலிந்துபோகிறார்கள். கடைசியில் நுனியை ஒரு பட்டாணி அளவுக்கு உருட்டி, மெல்லிய சூப்பர் பசை இரண்டு சொட்டு விட்டு இறுக வைத்தோம்.

கழுத்து 23.8. என் கைக்கு அது அநியாயத் தளர்ச்சி. ஆனால் மரம் குறுக்கே உப்பும். வெயில் நாளில் 23.8 இருந்த கழுத்து மழை நாளில் 24 காட்டியது. அதுவும் ஒரு பக்கம் அளந்தால் ஒன்று, திருப்பி அளந்தால் இன்னொன்று. இதற்கு வெர்னியரை நம்பக் கூடாது. ராக்கெட்டை மூக்கைப் பிடித்துத் தூக்கினால் தொங்க வேண்டும், லேசாக உதறினால் கழன்று விழ வேண்டும். தளர்ந்தால் கழுத்தில் ஒரு சுற்று நாடா ஒட்டலாம், இறுகினால் தேய்க்கலாம்.

மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் நான்கு பூச்சு. ஒவ்வொரு பூச்சு காய்ந்ததும் நார் பூனை ரோமம்போல் நிமிர்ந்து நிற்கும், 400-ஆம் எண்ணால் தடவிவிட வேண்டும். கழுத்துக்கும் அடிக்கும் சீலர் அடிக்க மறந்தால் ஈரம் அந்த வழியாக ஏறும். குச்சியை அடியோடு அறுத்துவிட்டு, உள்ளே நிற்கும் மிச்சத்தில் வளையம் வைத்த திருகாணியை இறக்கினோம். பாராசூட்டும் ரப்பர் நாடாவும் அதில்தான் கட்டு. பால்சாவில் நேராகத் திருகினால் ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

முடித்த கூம்பு ஆறு கிராம். தேக்கில் இருந்து 12 கிராம் குறைந்ததில் இன்னொரு சிக்கல் வந்தது. கிளம்பத் தயாரான ராக்கெட்டின் எடைநடுவில், அதாவது அது சாயாமல் சமமாக நிற்கும் இடத்தில், நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றினோம். அது வாலை முன்னால் விட்டுப் பறந்தது. காற்றின் தள்ளல் எல்லாம் சேர்ந்து விழும் இடம் காற்றழுத்த நடு. எடைநடு அதற்குக் குழாய் விட்டம் ஒன்றாவது முன்னால் நிற்க வேண்டும். அடியில் இன்னொரு துளை போட்டு ஐந்து கிராம் களிமண் திணித்துப் பசையால் மூடினாள். அப்புறம் சுற்றியபோது மூக்கு நேராக முன்னால் நின்றது. அப்படியானால் தேக்கையே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மேலிருந்து விழக்கூடிய பொருளில் தேவைக்கு மேல் ஒரு கிராம் ஏற்றவும் எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

அந்தக் கூம்பு இதுவரை ஒன்பது முறை போய்ப் பாராசூட்டில் இறங்கி வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போடுங்கள். ‘நுனியை உருட்டவும், உதறினால் கழலும்படி செருகவும்’ என்றால் போதும். இடம் இருந்தால் அட்டை அச்சையும் முழு அளவில் அச்சிடலாம், வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேக்குக் கூம்பைத் தூக்கிப் போடவில்லை. நுனியில் அன்றைய மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. படம் எடுக்க வேண்டுமானால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத்காரர் ஒருவர்