மாறுவது வேறு, பிரிவது வேறு: உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் குழுவினருக்கு வணக்கம்.

பரிணாமப் பாடத்தில் நீங்கள் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வருகிறது, புகை படிந்த மரத்தில் கறுப்பு அந்துப்பூச்சி வருகிறது. இயற்கைத் தேர்வைத் தெளிவாகவே விளக்குகிறீர்கள். உடனே அடுத்த வரி: 'இவ்வாறு புதிய சிற்றினங்கள் தோன்றுகின்றன.' எவ்வாறு? கறுப்பு அந்துப்பூச்சி வெளிர் நிறத்ததோடு தடையில்லாமல் இணைசேரும். கூட்டம் முழுக்கக் கறுத்துப்போனாலும் அது அதே சிற்றினம்தான். ஒரு சிற்றினம் மாறுவது வேறு, இரண்டாகப் பிரிவது வேறு. இரண்டாவதைப் பற்றித்தான் பாடத்தில் பேச்சே இல்லை.

பிரிவு என்றால் மரபணுப் பரிமாற்றம் நிற்பது. ஒரே கூட்டமாக இருக்கும்வரை ஒரு மூலையில் தோன்றும் மாற்றம் கலப்பினால் எங்கும் பரவிவிடும். கலப்பு நின்றால் இரு பக்கமும் மாற்றங்கள் தனித்தனியே சேரும். போதிய காலம் போனபின் சந்தித்தாலும் இணைசேராது, சேர்ந்தாலும் வாரிசு தங்காது. 1942இல் எர்ன்ஸ்ட் மயர் என்ற உயிரியலாளர் சிற்றினத்துக்கு வகுத்த வரையறையின் மையமே இந்த இனப்பெருக்கத் தனிமைதான். பனாமா நிலப்பாலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எழுந்து கடலை இரண்டாக வெட்டியது. ஒன்றாக இருந்த சொடுக்கு இறால்கள் இரு பக்கமும் பிரிந்து நின்றன. இன்று அவற்றை ஒரே தொட்டியில் விட்டால் இணைசேர்வதைவிடச் சண்டையே அதிகம்.

மலையோ கடலோ குறுக்கே வந்தால்தான் பிரிவு என்றும் இல்லை. நான் உங்களிடம் கேட்பது, ஆப்பிள் ஈக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள் என்று. வட அமெரிக்காவில் ஹாதார்ன் என்ற முள்மரத்தின் பழத்தில் முட்டையிட்டு வந்த ஈ அது. ஐரோப்பியர்கள் கொண்டுவந்த ஆப்பிள் மரங்களில் ஒரு பகுதி ஈக்கள் குடியேறின. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இது கவனத்துக்கு வந்துவிட்டது. இந்த ஈக்கள் இணைசேர்வது பழத்தின் மேல்தான். தனக்குப் பழகிய பழத்தின் வாசனையைத் தேடித்தான் ஈ போகும். போதாததற்கு, ஆப்பிள் சில வாரம் முந்திப் பழுக்கிறது. வளர்ந்த ஈயின் ஆயுளோ சில வாரம்தான். ஆப்பிள் ஈ வளர்ந்து வெளியே வரும் காலமும் அதற்கேற்ப முன்னே நகர்ந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்து மரம், ஆனாலும் சந்திப்பு குறைவு. கலப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை. அதனால் பெயரளவில் இரண்டும் ஒரே சிற்றினம். பாதி வழியில் நிற்கும் பிரிவு இது. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

செடிகளில் விஷயம் இன்னும் வேகம். டிராகோபோகன் என்ற பேரினத்தின் மூன்று சிற்றினங்கள் ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றிலும் 12 குரோமோசோம்கள். அவை தங்களுக்குள் கலந்து பிறந்த செடிகளில் குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி கிடைக்காததால் விதை பிடிப்பது அரிது. சிலவற்றில் எண்ணிக்கை இரட்டித்து 24 ஆனது. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, வளமான விதையும் வந்தது. பெற்றோர் செடியோடு கலந்தாலோ வாரிசு மலடு. இப்படி வந்த இரண்டு புதிய சிற்றினங்களை 1950இல் ஓன்பே என்ற தாவரவியலாளர் விவரித்தார். (இது பாடநூலில் இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், அந்துப்பூச்சி அளவுக்குப் படம் அழகாக வராது என்பதாகத்தான் இருக்க வேண்டும்.)

'பாதி பிரிந்தது' என்றெல்லாம் சொன்னால் மாணவர்கள் குழம்புவார்கள் என்பீர்கள். இப்போது மட்டும் என்ன? எந்த உயிராவது வேறொரு இனக் குட்டியை ஈன்றதைப் பார்த்தவர் உண்டா என்று அவர்கள் கேட்கிறார்கள். அப்படி எந்தத் தாயும் ஈன்றதாகப் பரிணாமம் சொல்லவில்லை. பிரிவது கூட்டம், தனி உயிர் அல்ல. பிரிவைச் சொல்லித்தராததால்தான் அந்தக் கேள்வி வருகிறது.

சரி, அடுத்த பதிப்பில் 'சிற்றினம் வரையறு' என்ற இரண்டு மதிப்பெண் வினாவை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 'ஆப்பிள் ஈயும் ஹாதார்ன் ஈயும் ஒரே சிற்றினமா? காரணம் தருக' என்று கேளுங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், காரணம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் என்று விடைக்குறிப்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
உயிரியல் கற்பிக்கும் ஒருவர்